ரெசிடென்சியில் இருக்கும் பெண்களுக்கான ‘பெட்டர் டுகெதர்’ கோச்சிங்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

அமெரிக்காவில் ரெசிடென்சி (மருத்துவப் படிப்பு முடித்தபின் மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சி) செய்யும் பெண் டாக்டர்களைக் குறிவைத்துக் கோச்சிங் (தேர்வுக்கான பயிற்சி அல்ல, மனதைக் கையாள உதவும் வழிகாட்டல்) என்ற பெயரில் விற்கப்படுவது ஏராளம். அவற்றில் ஆர்.சி.டி. (சேர்பவர்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் சோதனை) வரை போய், முடிவை மருத்துவ இதழில் வெளியிட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். கொலராடோ பல்கலைக்கழகத்தின் உள்மருத்துவத் துறையைச் சேர்ந்த டைரா ஃபெயின்ஸ்டாட், அட்ரியன் மான் என்ற இரு டாக்டர்கள் தொடங்கிய ‘பெட்டர் டுகெதர் ஃபிசிஷியன் கோச்சிங்’ அந்தச் சிலவற்றில் ஒன்று. இருவரும் கோச்சிங் சான்றிதழும் பெற்றவர்கள். ரவுண்ட்ஸ் (குழுவாக நோயாளிகளைப் பார்த்து வருவது) என்றால் என்ன, கிராஸ் கவர் (மற்றவர்களின் நோயாளிகளையும் சேர்த்துக் கவனிப்பது) என்றால் என்ன என்று இவர்களிடம் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை. கேட்கச் சின்ன விஷயம், ஆனால் பொதுவான லைஃப் கோச்சிடம் போனவர்கள் முதல் இரண்டு அமர்வுகளை இந்த விளக்கத்திலேயே செலவழித்துவிடுகிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தன்னைத் தானே ஓயாமல் குற்றம் சாட்டிக்கொள்ளும் பழக்கத்துக்கு இது நன்றாக வேலை செய்கிறது. உங்கள் ரெசிடென்சி திட்டத்தில் கிடைத்தால் சேருங்கள், முக்கியமாக அதிலுள்ள எழுத்துவழிக் கோச்சிங்குக்காக. டியூட்டி பட்டியல் தாங்க முடியாததாக இருந்தால், அதைத் தாங்க வைக்கும் கருவியாக இதை யாராவது உங்கள் கையில் கொடுத்தால் மட்டும் உஷாராக இருங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

மூன்று பகுதிகள். முதலாவது, வாரந்தோறும் ஜூமில் நடக்கும் நேரலைக் குழு அழைப்பு. ஒருவர் கையைத் தூக்கிப் பேசுவார், கோச் அவரோடு மட்டும் சிறிது நேரம் உரையாடுவார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டாவது, எழுத்துவழிக் கோச்சிங்: உறுப்பினர்களுக்கு மட்டுமான தளத்தில் பெயரில்லாமல் கேள்வியை எழுதிப் போடலாம். பதிலும் எழுத்தாகவே வரும், அதை எல்லா உறுப்பினர்களும் படிக்கலாம். மூன்றாவது, வாரத்துக்கு ஒரு தலைப்பில் சிறு வீடியோவும் பயிற்சித் தாளும் கொண்ட சுயபாடம்.

இந்த மூன்றும் ஒரே தரத்தில் இல்லை. சுயபாடம்தான் பலவீனமான இடம். பாடத்தில் குறையில்லை, இரவு டியூட்டி முடித்து வந்தவருக்கு இன்னொரு வீட்டுப்பாடம் என்பதே பாரம். மாட்யூல் தவறிப்போனால், ‘இதையும் என்னால் முடிக்க முடியவில்லை’ என்ற இன்னொரு குற்ற உணர்வு கணக்கில் சேருகிறது. வரிசையாகப் பார்க்க வேண்டாம். தன்னை மட்டம் தட்டிக்கொள்வது, கருத்து சொன்னால் வாங்கிக்கொள்வது, எல்லாம் பிசகில்லாமல் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் என்று அப்போது உறுத்துகிற தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீதி கிடக்கட்டும்.

நேரலை அழைப்பு நல்லதுதான், ஆனால் நேரம் அமைவது கடினம். ஆபரேஷன் தியேட்டரில் (ஓ.டி.) நிற்பவருக்கும் ஐ.சி.யூ. மாதத்தில் இருப்பவருக்கும் நேரலை என்பது பெயருக்குத்தான். பதிவைப் பயண நேரத்தில் கேட்பதே நடக்கிற காரியம். அதிலும் ஒரு பலன் உண்டு. இன்னொரு ஊரில் இன்னொரு துறையில் இருக்கும் சீனியர் ரெசிடென்ட் ஒருத்தி, உங்கள் மனதுக்குள் ஓடும் அதே வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்வதைக் கேட்டாலே அந்த வாக்கியத்தின் விஷம் பாதி இறங்கிவிடும். தனி அமர்வில் எவ்வளவு நல்ல கோச் வந்தாலும் இதைத் தர முடியாது.

எழுத்துவழிப் பகுதிதான் இதன் உயிர். அதிகாலை மூன்று மணிக்கும் எழுதலாம். முகம் காட்ட வேண்டாம். அட்டெண்டிங் (மேற்பார்வையிடும் மூத்த டாக்டர்) பற்றி, கருச்சிதைவு பற்றி, இந்தத் துறையே வேண்டாம் என்று தோன்றுவதைப் பற்றி, குழு அழைப்பில் யாரும் எளிதில் சொல்லாததெல்லாம் இங்கேதான் வெளிவருகிறது. கேள்வி கேட்காமல் மற்றவர்களின் கேள்வி பதில்களை மட்டும் படித்துக்கொண்டிருப்பதும் முழுதாகப் பயன்படுத்துவதுதான்; கூச்சப்பட ஏதுமில்லை.

எண்கள் சொல்வது

முதல் சோதனை 2021 ஜனவரி முதல் ஜூன் வரை, கொலராடோவில், 101 பெண் ரெசிடென்ட்களிடம் நடந்தது. 2022இல் ஜாமா நெட்வொர்க் ஓப்பனில் வெளியானது. பர்ன் அவுட்டை, அதாவது வேலையால் வரும் மனச்சலிப்பையும் களைப்பையும், அளக்க மாஸ்லாக் அளவுகோலைப் பயன்படுத்தினார்கள். அதில் உணர்ச்சிக் களைப்புக்கு ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6, மொத்தம் 54. 27ஐத் தொட்டால் ‘அதிகம்’ என்று கணக்கு. ஆறு மாதம் முடிந்தபோது கோச்சிங் பெற்றவர்களின் மதிப்பெண் சராசரியாக 3.26 குறைந்தது, பெறாதவர்களுக்கு 1.07 ஏறியது. இடைவெளி நான்கு புள்ளிக்குச் சற்று மேல்.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? 29இல் இருந்தவர் 26க்கு வருகிறார். காகிதத்தில் கோட்டைத் தாண்டிவிட்டார், ஆனால் களைப்பு போய்விடவில்லை. கோச்சிங் இல்லாதிருந்தால் அதே காலத்தில் இன்னும் ஒரு புள்ளி மேலே போயிருப்பார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிலைமை மோசமாவதை நிறுத்திக் கொஞ்சம் தேற்றுகிறது, அவ்வளவே. ‘வாழ்க்கையே மாறிவிடும்’ என்று விற்பவர்களிடம் இந்த எண்ணைக் காட்டலாம்.

களைப்பைவிடத் தெளிவான மாற்றம் வேறு இடத்தில் தெரிந்தது. தன்பரிவு (தன் மேல் தானே கனிவாக இருப்பது) மதிப்பெண் நன்றாக ஏறியது. இம்போஸ்டர் சிண்ட்ரோம் (‘தகுதியில்லாமல் உள்ளே வந்துவிட்டேன்’ என்ற உணர்வு) குறைந்தது. நோயாளிகளை மனிதராகப் பாராமல் படுக்கை எண்ணாகப் பார்க்கத் தொடங்கும் நிலையிலும், செய்த வேலையில் நிறைவு காணும் உணர்விலும் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. கோச்சிங் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதற்கு இதுவே சரியான அடையாளம். ‘நான் யார்’ என்ற கேள்வியைத் தொடுகிறது. ‘என் மேல் எவ்வளவு வேலை’ என்பதை அது தொட வழியில்லை.

அடுத்து வந்தது பெரிய சோதனை: 26 பயிற்சி நிறுவனங்கள், 19 மாநிலங்கள், 1,017 பெண் பயிற்சி மருத்துவர்கள், நான்கு மாதம். 2023இல் அதே இதழில் வந்தது. இம்முறை பர்ன் அவுட், இம்போஸ்டர் உணர்வு, மனசாட்சிக் காயம் (மனசாட்சிக்கு ஒவ்வாததைச் செய்ய நேர்வதால் வரும் வலி), தன்பரிவு, வாழ்க்கை நிறைவு எல்லாமே கோச்சிங் பெற்றவர்களுக்குச் சாதகமாக இருந்தன. ஒரே ஊரில், தொடங்கியவர்களின் சொந்தச் செல்வாக்கால் வந்த பலன் என்ற சந்தேகத்துக்கு இது நல்ல பதில்.

ஆனாலும் இரண்டு குறைகள் நிற்கின்றன. சேர்ந்தவர்கள் எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். கோச்சிங்கில் நம்பிக்கையே இல்லாதவர் அந்த எண்ணுக்குள் இல்லை. எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது பங்கேற்றவருக்குத் தெரியும், அளவீடும் அவரே நிரப்பிய படிவம். மருந்துச் சோதனையில் இப்படி நடந்தால் முகம் சுளிப்போம். கோச்சிங்கில் ‘போலி மாத்திரை’ கொடுக்க வழியில்லை என்பதால் பொறுத்துக்கொள்ளலாம், மறந்துவிட வேண்டாம்.

முறை எப்படி வேலை செய்கிறது

டாக்டர்களுக்கான குழுக் கோச்சிங்கில் பரவலாகப் புழங்கும் முறை, அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் வழியில் வந்த ஐந்து படிகள்: நடந்தது, எண்ணம், உணர்ச்சி, செயல், விளைவு. படிப்பதற்கு அற்பமாகத் தெரியும். எழுதிப் பார்த்தால்தான் எங்கே கோட்டை விடுகிறோம் என்பது புரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. இன்டர்ன் (முதலாண்டு ரெசிடென்ட்) ஒருத்தி, கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கான அளவு) 30க்குக் கீழே இருக்கும் நோயாளிக்கு எனாக்சபாரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) கிலோவுக்கு 1 மில்லிகிராம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று ஆர்டர் போட்டுவிட்டாள். நாளுக்கு ஒருமுறை என்று இருந்திருக்க வேண்டும். ரவுண்ட்ஸில் அட்டெண்டிங் எல்லோர் முன்னாலும் திருத்தினார்.

நடந்தது: ‘கிளியரன்ஸ் 30க்குக் கீழே, டோஸை மாற்று’ என்று அட்டெண்டிங் சொன்னார். இவ்வளவுதான். ‘எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினார்’ என்று எழுதினால் அது அடுத்த வரிக்குப் போக வேண்டியது. எண்ணம்: ‘நான் இங்கே இருக்கத் தகுதியில்லாதவள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.’ உணர்ச்சி: வெட்கம். செயல்: அன்றைக்கு ரவுண்ட்ஸ் முடியும்வரை வாயே திறக்கவில்லை, தெரியாததைக் கேட்கவில்லை, ஒவ்வோர் ஆர்டரையும் நான்கு முறை திறந்து பார்த்தாள், நோட்ஸ் முடிக்க இரவு எட்டு ஆனது. விளைவு: கற்றது குறைவு, நேரம் போனது, சந்தேகம் கூடியது. எந்த எண்ணத்தைக் கண்டு பயந்தாளோ அதற்கான சாட்சியங்களை அவளே தயாரித்துக் கொடுத்துவிட்டாள்.

இனி கோச் செய்ய வேண்டியது ‘நீ மிகத் திறமைசாலி’ என்று தட்டிக்கொடுப்பதல்ல. களைத்த மூளை அதை நம்பாது. நம்பக்கூடிய, கொஞ்சம் நகர்ந்த ஓர் எண்ணம் போதும்: ‘சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டோஸ் கணக்கிடுவது எனக்கு இன்னும் கைவரவில்லை.’ இந்த எண்ணத்துக்கு ஒரு செயல் உண்டு: மருந்தாளுநரிடம் கேட்பது, டோஸ் மாறும் மருந்துகளின் சின்னப் பட்டியல் ஒன்றைப் பையில் வைப்பது. முதல் எண்ணத்துக்கு எந்தச் செயலும் இல்லை, ஒளிந்துகொள்வதைத் தவிர. நல்ல கோச்சா என்று எடைபோட இதுவே அளவுகோல். நான்காவது அழைப்பிலும் ‘பாசிட்டிவாக நினையுங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் கழன்றுகொள்ளலாம்.

எழுத்துவழியில் கேட்பது எப்படி

கேள்வியின் தரம்தான் பதிலின் தரம். ‘எப்போதும் களைப்பு, இந்தத் துறைக்கு நான் சரிப்பட மாட்டேன் போலிருக்கிறது, என்ன செய்ய?’ என்று எழுதினால் பதிலும் பொத்தாம்பொதுவாகத்தான் வரும். கீழே உள்ளதைப் பாருங்கள்:

‘இரவு டியூட்டி (நைட் ஃப்ளோட்) முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் இரவில் போட்ட ஆர்டர்களைப் போனில் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறேன். பார்க்காவிட்டால் எதையோ விட்டிருப்பேன் என்று தோன்றுகிறது. இதனால் தூங்கப் போக ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போகிறது. பார்ப்பதை நிறுத்த விருப்பம். ஆனால் நிறுத்துவது பொறுப்பில்லாத காரியம் என்று ஒரு குரல் சொல்கிறது.’

நடந்தது, எண்ணம், விலை, வேண்டியது என்று நான்கும் வந்துவிட்டன. ஆறேழு வரி போதும். இதற்கு வரும் நல்ல பதில் இரண்டு திசையில் போகும். ஒன்று, ‘பொறுப்பு என்றால் இருபத்து நான்கு மணி நேரமும் பார்ப்பது’ என்ற எண்ணத்தை உரசிப் பார்ப்பது. இன்னொன்று ஹேண்ட் ஆஃப், அதாவது டியூட்டி மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைப்பது. ஐ-பாஸ் என்ற ஒப்படைப்பு முறையில் நோயின் தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டியவை, ‘இப்படி ஆனால் இப்படிச் செய்’ என்ற முன்னேற்பாடு, வாங்குபவர் திருப்பிச் சொல்வது ஆகிய ஐந்தும் உண்டு. கடைசி இரண்டையும் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். வாங்குபவர் திருப்பிச் சொல்லிக் கேட்டுவிட்டு வெளியே வந்தவருக்குப் போனைத் திறக்கும் அரிப்பு வெகுவாகக் குறையும். எண்ணத்தை மட்டும் சரிசெய்து ஹேண்ட் ஆஃபைத் தொடாமல் விடும் கோச்சிங் பாதி வேலை.

நோயாளி பற்றிய அடையாளம் எதுவும் வரக்கூடாது: வயது, தேதி, அபூர்வ நோயின் பெயர் எதுவும் வேண்டாம். நோயாளியின் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டம் ஒருபுறம் இருக்க, உங்கள் அடையாளமும் அதிலேயே கசியும். சிறிய துறை ஒன்றில் மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஒரே பெண் நீங்கள்தான் என்றால், துறையையும் ஆண்டையும் எழுதிய பிறகு பெயரில்லை என்பதற்கு அர்த்தமில்லை. பதிவு செய்யச் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். மருத்துவமனை மின்னஞ்சலை நிர்வாகம் பார்க்க முடியும். ஜூமில் நுழையும் முன் திரையில் காட்டும் பெயரை மாற்றுங்கள். மருத்துவமனைக் கணக்கிலேயே உள்ளே போனால் முழுப்பெயர், சில இடங்களில் துறைப் பெயரோடு, எல்லோருக்கும் தெரியும். ஒரே நிறுவனத்தவர் பலர் இருக்கும் அழைப்பில் இது சாதாரண விஷயமல்ல.

எங்கே பிசகுகிறது

மிகப் பெரிய ஆபத்து, ‘நடந்தது எப்போதும் நடுநிலையானது, உன் எண்ணம்தான் துன்பம் தருகிறது’ என்ற கொள்கையை எல்லாவற்றுக்கும் நீட்டுவது. டோஸ் திருத்தத்துக்கு அது சரி. ஓ.டி.யில் யாரோ இடுப்பில் கை வைத்தால் அது நடுநிலை அல்ல. கர்ப்பமாக இருப்பதாகச் சொன்ன மறுவாரம் உங்கள் ஆபரேஷன் வாய்ப்புகள் குறைந்தால் அதுவும் அல்ல. இப்படிப்பட்ட விஷயத்தைக் கோச் அந்த ஐந்து படிகளுக்குள் போட்டு ‘இதை வேறுவிதமாக நினைக்க முடியுமா’ என்று கேட்டால், அந்த அழைப்பிலிருந்து வெளியே வந்து ரெசிடென்சிப் பயிற்சியை நிர்வகிக்கும் ஜி.எம்.இ. அலுவலகத்துக்கோ, சார்பற்ற குறைகேட்பு அதிகாரியான ஆம்பட்ஸ்பர்சனிடமோ போவதே சரி. நல்ல கோச் தானே அந்தப் பக்கம் அனுப்புவார்.

நடுவில் கிடக்கும் விஷயங்களும் உண்டு. நோயாளி ஒவ்வொரு முறையும் நர்ஸ் என்று அழைப்பது ஒன்று. ‘நான் உங்கள் டாக்டர், உங்கள் நர்ஸ் சற்று நேரத்தில் வருவார்’ என்ற ஒரு வாக்கியத்தைக் கைவசம் வைத்துக்கொள்வதும், ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லும் சக்தியைச் செலவழிக்க வேண்டுமா என்று அன்றன்றைக்கு முடிவு செய்வதும் கோச்சிங்கில் நன்றாகப் பழகக்கூடியவை. கோபம் நியாயமானது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு அதன்பிறகு பழக்க வேண்டும். அந்த முதல் படியைத் தாண்டிப் போகும் கோச்சிங் அறிவுரைக் கச்சேரியாகிவிடுகிறது.

வீட்டுப் பக்கத்தின் எல்லையும் இதேபோலத்தான். 44 நிறுவனங்களின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இன்டர்ன்களைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வில், இன்டர்ன் ஆண்டில் மனச்சோர்வு இருபாலருக்கும் ஏறியது, பெண்களுக்கு அதிகமாக ஏறியது. வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான இழுபறியைக் கணக்கில் கொண்டபோது அந்த ஆண்-பெண் வித்தியாசத்தில் 36 சதவீதம் கரைந்தது. குழந்தையை விட்டுவிட்டு வந்த குற்ற உணர்வைக் கோச்சிங் குறைக்கும். காப்பகம் மாலை ஆறுக்கு மூடுகிறது, சைன் அவுட் (டியூட்டியை ஒப்படைப்பது) ஆறரைக்கு என்ற கணக்கை அது குறைக்காது.

ஆகவே விதிகளைத் தெரிந்துகொண்டு கோச்சிங்குக்குப் போவது நல்லது. ஏ.சி.ஜி.எம்.இ. (ரெசிடென்சி திட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) விதிப்படி வாரத்துக்கு 80 மணி நேரம், நான்கு வாரச் சராசரியில். தொடர் பணி 24 மணி நேரம், ஹேண்ட் ஆஃபுக்கும் கல்விக்கும் மேற்கொண்டு 4. ஏழு நாளில் ஒருநாள் விடுப்பு, அதுவும் நான்கு வாரச் சராசரியில். பணி நேரத்துக்குள்ளேயே மருத்துவர், மனநல மருத்துவர், பல் மருத்துவரிடம் போக வாய்ப்புத் தர வேண்டும். 2022 ஜூலை முதல் பயிற்சிக் காலத்தில் ஒருமுறையாவது ஆறு வாரம் சம்பளத்தோடு மகப்பேறு, மருத்துவ, பராமரிப்பு விடுப்பு. தாய்ப்பால் எடுக்கச் சுத்தமான தனி அறை, குளிர்பதன வசதியோடு, நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்கு எட்டும் தூரத்தில். இதில் எது மீறப்பட்டாலும் அது கோச்சிடம் கொண்டுபோகும் பிரச்சினை அல்ல. ‘மறுத்துச் சொல்ல எனக்கு ஏன் நா எழவில்லை’ என்பது வேண்டுமானால் கோச்சிடம் கொண்டுபோகும் பிரச்சினை.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜே-1 என்ற பயிற்சி விசாவில் இருப்பவர் புகார் சொல்லத் தயங்குவதை ‘கற்பனைப் பயம்’ என்று ஒரு கோச் எளிதாகச் சொல்லிவிடலாம். அந்தப் பயத்தில் எவ்வளவு நிஜம் என்று எடைபோடும் தகுதி கோச்சுக்கு இல்லை. அதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு, பிறகு மனப் பகுதிக்கு வாருங்கள்.

சிகிச்சைக்கு மாற்று அல்ல

கோச் நோயைக் கண்டறிய மாட்டார், மருந்து எழுத மாட்டார். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவத்தை நீங்களே நிரப்பிப் பாருங்கள். மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம். தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர வேறு எந்த விடை வந்தாலும் அன்றைக்கே. அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். கோச்சிங்கைக் கூடவே தொடர்வதில் தவறில்லை.

‘சிகிச்சைக்குப் போனால் லைசென்ஸ் படிவத்தில் எழுத வேண்டிவரும், கோச்சிங் என்றால் வேண்டாம்’ என்ற கணக்கில் பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தக் கணக்கு முன்போல் சரியில்லை. மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு 2018இலேயே, பழைய சிகிச்சையைத் தோண்டாமல் இப்போது பணியைப் பாதிக்கும் நிலை உள்ளதா என்று மட்டும் கேட்கும்படி பரிந்துரைத்தது. பல வாரியங்கள் கேள்வியை மாற்றிவிட்டன, எல்லாம் அல்ல. உங்கள் மாநிலப் படிவத்தைத் தரவிறக்கி அந்தக் கேள்வியின் வாசகத்தைப் படியுங்கள். பத்து நிமிட வேலை. நேர்மாறான விஷயம் ஒன்றும் உண்டு. மனநலச் சிகிச்சையாளரோடு பேசுவதற்குக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் ரகசியப் பாதுகாப்பு உண்டு என்று 1996இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. கோச்சோடு பேசுவதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கோச் உங்கள் நிறுவனத்தின் ஆசிரியராகவும் இருந்தால், துன்புறுத்தல் பற்றிக் கேள்விப்பட்டதை மேலே தெரிவிக்கும் கடமை அவருக்கு இருக்கிறதா என்று பேசும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வேறு வகைகளோடு ஒப்பிட்டால்

தனிநபர்க் கோச்சிங்குக்கும் சான்று உண்டு. மேயோ கிளினிக் குழு 2019இல் வெளியிட்ட சோதனையில் 88 டாக்டர்கள் பங்கேற்றார்கள். தொலைபேசியில் ஆறு அமர்வுகள், மொத்தமே மூன்றரை மணி நேரம். உணர்ச்சிக் களைப்பு 5.2 புள்ளி குறைந்தது, ஒப்பீட்டுக் குழுவுக்கு 1.5 ஏறியது. எண்ணைப் பார்த்தால் குழுக் கோச்சிங்கைவிட மேல். ஆனால் அவர்கள் பயிற்சி முடித்துப் பணியில் இருந்த டாக்டர்கள். தங்கள் நேரத்தையும் வேலைப் பங்கையும் ஓரளவு மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. ரெசிடென்டுக்கு அது கிடையாது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து விலை பேசுவது நியாயமில்லை.

மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையின் வழி வேறு: பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரை இன்டர்னுக்குக் கோச்சாக இணைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை சந்திக்க வைப்பது. மதிப்பெண் போடும் அதிகாரம் கோச்சுக்கு இல்லாதவரை இது நல்ல ஏற்பாடு. பலம், இடத்தின் நெளிவுசுளிவு தெரிந்தவர் பேசுகிறார் என்பது. பலவீனமும் அதுவேதான்: அதே இடத்தின் ஆள். பணிவாழ்க்கைக் குறிக்கோள்களுக்கு இதுவும், வெட்கம் கலந்த விஷயங்களுக்குப் பெயரில்லாக் குழுவும் பொருத்தம்.

திட்ட இயக்குநர்களுக்கு

வாங்கித் தருவதானால் நேரத்தையும் சேர்த்துத் தாருங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம், டியூட்டி அழைப்புகள் வரும் பேஜரை வேறொருவர் வாங்கிக்கொள்ளாவிட்டால் இந்த அழைப்புகள் தூக்கத்தின் பங்கிலிருந்துதான் எடுக்கப்படும். யார் சேர்ந்தார், எத்தனை முறை நுழைந்தார் என்ற பட்டியலைக் கேட்காதீர்கள். கேட்டது தெரிந்த நாளே எழுத்துவழிப் பகுதி செத்துவிடும். பர்ன் அவுட் உள்ளவர் என்று பெயர்சுட்டி யாரையும் அனுப்ப வேண்டாம், அது தண்டனையாகவே படும். எல்லோருக்கும் திறந்து வைத்து, விருப்பமுள்ளவர் வரட்டும் என்று விட்டுவிடுங்கள். டியூட்டி நேரப் புகார்கள் நிலுவையில் இருக்கும்போது கோச்சிங் அறிவிப்பை அனுப்பினால் அதை எப்படிப் படிப்பார்கள் என்பதை யூகிப்பது சிரமமில்லை.

யார், எப்போது

ரெசிடென்சி ஆண்டு தொடங்கும் ஜூலையில் இதைத் தொடங்க வேண்டாம். புது ஆஸ்பத்திரியின் கணினியும் கழிப்பறையும் எங்கே என்று தெரியாத மாதத்தில் எதுவும் மனதில் ஏறாது. அக்டோபர், நவம்பரில் முதல் மதிப்பீடுகள் கைக்கு வரத் தொடங்கும், வெளிச்சமும் குறையும்; அதற்குச் சற்று முன்பு சேர்ந்தால் கருவிகள் கையில் இருக்கும். கோச்சிங் நடக்கும் மாதங்களில் ஒரு லேசான ரொட்டேஷனாவது (ஒவ்வொரு பிரிவாக மாறிச் செய்யும் பணி) வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.சி.யூ.வும் நைட் ஃப்ளோட்டுமாக நிரம்பிய காலம் என்றால் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தன்னைத் திட்டிக்கொள்ளும் குரல் பெரிதாக உள்ளவருக்கும், வெளியூரிலிருந்து தனியாக வந்தவருக்கும், துறையில் பெண்கள் ஓரிருவரே உள்ள இடத்தில் இருப்பவருக்கும் இது மிகவும் பொருந்தும். குழுவில் பேசப் பிடிக்காதவருக்கும் பொருந்தும், எழுத்துப் பகுதி இருப்பதால். தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போய்ப் பல வாரமானவர், புகார் ஒன்றின் நடுவில் இருப்பவர், மருந்து தேவைப்படும் நிலையில் உள்ளவர் முதலில் வேறு கதவைத் தட்ட வேண்டும்.

சேரும் முன் நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி எழுத்திலேயே பதில் வாங்குங்கள்: அழைப்புப் பதிவுகள் எத்தனை நாள் வைக்கப்படும், யார் கேட்க முடியும், என் நிறுவனத்துக்கு என் பெயரோடு எந்தத் தகவலாவது போகுமா, நான் எழுதிய கேள்வியை அழிக்கச் சொன்னால் அழிப்பீர்களா. தெளிவான பதில் வராவிட்டால், எழுத்துப் பகுதியில் உங்கள் துறையைக் குறிப்பிடாமலே எழுதுங்கள்.